தொட்டுக் கேட்பது

பத்துப் பெசோ நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது.
பித்தளை வட்டம், நடுவே வெள்ளைப் பீங்கான் பூச்சு,
தலைமுடி கனத்தில் இரண்டு கம்பி.
ஒரு காபியைவிட மலிவு.
டபுள் பாஸின் வயிற்றில், பாலத்துக்கு இடப்புறம்
தேன்மெழுகை உருட்டி அழுத்தி ஒட்டினேன்.

ஹெபருக்கு நம்பிக்கையில்லை.
"மைக் வை, நுரியா. மைக்குக்குக் காது உண்டு."
காதுதான் சிக்கலே.
மொந்தெவிதேயோ துறைமுகத்தை ஒட்டிய இந்த பாரில்
மைக் வைத்தால்
கண்ணாடிக் கோப்பைகள், கால்பந்துச் சண்டை,
பண்டோனியன் இழுக்கும் மூச்சு, பீட்சா அடுப்பின் இரும்புக் கதவு
எல்லாம் பாஸின் பெயரில் ஸ்பீக்கருக்குப் போகும்.
போனது திரும்பி வந்து ஊளையிடும்.
இதுவோ காற்றுக்குச் செவிடு.
நீங்கள் கத்தினாலும் கேட்காது.
தொட்டதை மட்டும் கேட்கும்.

முதலில் தகரக் குரல்.
ப்ரீஆம்ப் ஒன்றை இடையில் கோத்தேன்.
தடித்த தந்தி தன் எடைக்கு வந்து நின்றது.
கூடவே ஹெபரின் சட்டைப் பொத்தான்,
விரல் நழுவும் சிராய்ப்பு,
தரைப்பலகை வழியாக ஏறிவரும் 121ஆம் எண் பேருந்து.
வேண்டும் என்று நாம் கேட்டதை அது கேட்பதில்லை.
அது கேட்பதையெல்லாம் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்தச் சத்தம்.

கிர்ரிக்.
சற்றுப் பொறுத்து, கிர்ரிக்.

கேபிளை மாற்றினேன். பேட்டரி மாற்றினேன்.
குளிர்ப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி
பார்க்காரர் ஒசிரிஸிடம் வசவு வாங்கினேன்.
ஹெபர் கையெடுத்து ஒரு பாகம் தள்ளி நின்றார்.
கிர்ரிக்.
ஹெட்போனைக் கழற்றினால் இல்லை.
மாட்டினால், மிக அருகில்,
யாரோ நிதானமாக, பசியோடு,
காய்ந்த ரொட்டியைக் கடிப்பதுபோல.

பாஸைப் படுக்கவைத்து டார்ச் அடித்தேன்.
விலா மடிப்பில் குண்டூசித் துளைகள் நான்கு.
கறுப்புத் துணியில் மாவுபோல் மரப்பொடி.
உளு.

கடற்படை வாத்தியக் குழுவைக் கலைத்தபோது
ஹெபர் ஏலத்தில் எடுத்தது இது.
முப்பத்தாறு தவணை. இன்னும் ஒன்பது பாக்கி.
ஹெட்போனை நீட்டினேன்.
நெடுநேரம் கேட்டார்.
மாதே உறிஞ்சுகுழல் வாயிலேயே நின்றது.
"இவனுக்கும் பங்கு தரணுமா?" என்றார் கடைசியில்.
சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்றிரவு வாசித்தார். கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது.
மிலோங்காவின் நடுவே எல்லாரும் ஒரு தட்டு நிறுத்துகிற இடம் வரும்.
அந்த இடத்தில் மட்டும் நான்
ஃபேடரை இறக்கினேன். ஏற்றினேன். இறக்கினேன்.
மூன்றாம் முறை தவறவிட்டேன்.
முன்மேசைப் பெண் ஒருத்தி மட்டும்
தன் நாற்காலிக் காலைக் குனிந்து பார்த்தாள்.

மருந்து ஊசி போட்டால் வார்னிஷ் போகும் என்றார்கள்.
குளிர் போதும் என்றார் ஒசிரிஸின் மைத்துனர்,
மீன் கிடங்கில் வேலை.
தந்திகளைத் தளர்த்தி, பிளாஸ்டிக்கில் மூன்று சுற்று சுற்றி,
மெர்லூசா பெட்டிகளுக்கு நடுவே
சவத்தைப்போல, இல்லை,
விருந்துக்கு வந்து இடமில்லாமல் ஓரத்தில் நிற்கும் பருத்த ஆளைப்போல
நிறுத்திவிட்டு வந்தோம்.
இருபத்தைந்து பாகை பூச்சியத்துக்குக் கீழே.

வட்டத்தைப் பிய்க்க மறந்துவிட்டேன் என்று ஹெபரிடம் சொன்னேன்.
மறக்கவில்லை.
கதவு ரப்பரின் இடுக்கில் கேபிளை வெளியே விட்டிருந்தேன்.
கவிழ்த்த மீன்கூடை மேல் உட்கார்ந்து,
கோட்டுக்குள் கை புதைத்து,
கேட்டேன்.

தந்தி இல்லாத பாஸ் இசைக்கு உதவாது.
ஆனாலும் மரம் சுருங்கும்போது
எங்கோ அடியாழத்தில் ஒரு முனகல் எழுந்தது.
அதன்மேல் கிர்ரிக்.
நள்ளிரவில் இடைவெளி நீண்டது.
இரண்டு மணிக்கு, பேச்சை மறந்தவன்
மீண்டும் தொடங்கப் பார்ப்பதுபோல ஒரு முறை.
மூன்றேகாலுக்கு இன்னொன்று.
அதற்குப் பிறகு குளிரூட்டி மோட்டாரின் அதிர்வு மட்டும்.

இரண்டு வாரம் கழித்து பாஸ் வெளியே வந்தது.
மீன்வாடை. வேறு குறையில்லை.
புது மெழுகு, அதே வட்டம்.
மிலோங்கா அந்த இடத்துக்கு வந்து நின்றது.
என் விரல் தானாக ஃபேடரைத் தொட்டது.
இறக்குவதற்கு ஒன்றுமில்லை.

கடைசிச் சத்தம் எத்தனை மணிக்கு என்று
தீப்பெட்டி அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.
ஹெபரிடம் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.